குண்டுச் சத்தம் நின்ற பிறகு காபி

போர்ப் படம் பார்க்கும் ஆண்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம், லீவு, பென்ஷன் எதுவும் கிடையாது என்பதால் அதை யாரும் உத்தியோகம் என்று ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவே. உங்கள் வீட்டு ஹாலிலும் வாரம் ஒருமுறை ஹெலிகாப்டர் வந்து இறங்குகிறதா? வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே பட்டாளம்.

என் வீட்டுக்காரர் பாஸ்கர், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். வாரம் முழுக்கப் பெண்களுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை விரிப்பது வேலை. ரோஸில் எத்தனை ரோஸ் உண்டு என்று அவரிடம் கேட்டால் மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும். ஞாயிற்றுக்கிழமை பட்டுக் கடைக்காரர்களுக்கு லீவு கிடையாது, அன்றைக்குத்தான் வெளியூர்க் கார்கள் வந்து தெருவை அடைத்து நிற்கும். அவருக்கு லீவு செவ்வாய்க்கிழமை. அந்த ஒரு நாள் அவர் கண்ணில் புடவை படக்கூடாது. படத்தில்கூடப் படக்கூடாது. புடவையே இல்லாத படம் எது? போர்ப் படம்தான்.

கூட்டாளி, மணி அண்ணன். அதே தெருவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மணி அண்ணன் கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, செவிலிமேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பாதி ஜென்மமாக இதுதான் ஏற்பாடு.

கணவன், மனைவி, மணி

கல்யாணமான புதிதில் என்னை முதன்முதலாக சினிமாவுக்கு அழைத்துப் போனார் இவர். மல்லிகைப் பூ, புது ஜாக்கெட், எல்லாம் தயார். தியேட்டர் வாசலில் பார்த்தால் ஒருவர் மூன்று டிக்கெட்டோடு நிற்கிறார். அவர்தான் மணி அண்ணன். படம், யுத்தம். எங்கள் இருவருக்கும் நடுவில் இவர் உட்கார்ந்தார். இடைவேளை வரைக்கும் ஒரு ஆறு, ஒரு பாலம், ஓயாத சண்டை. என் பூ வாடியதுதான் மிச்சம். அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். அந்த வழியாக டவுன் பஸ் போகும்போதெல்லாம் எனக்கு மல்லிகை வாசனையும் வெடிமருந்தும் சேர்ந்து ஞாபகம் வரும்.

கடைசியில் ஒரு சிப்பாய் குண்டு பட்டு விழ, இன்னொருவன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தைக் கடக்கிறான். கடந்து இறக்கிப் பார்த்தால் உயிர் இல்லை. திரும்பிப் பார்த்தேன். என் புதுப் புருஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே ஆச்சரியம். நான் படித்தது கான்வென்ட். பேசினாலும் சரி, அழுதாலும் சரி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர்கள் அடித்துச் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம். "என்னங்க ஆச்சு?" என்று இவர் முகத்தருகே குனிந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து மணி அண்ணன் கையை நீட்டி, என் முன்னால் கதவு சாத்துவது போலக் காட்டினார். "தங்கச்சி, இந்த மாதிரி சீன்ல இவன் பக்கம் திரும்பாதம்மா. நானும் திரும்ப மாட்டேன், அவனும் என் பக்கம் திரும்ப மாட்டான். அது எங்களுக்குள்ள ஒரு மரியாத."

காபி எப்போது வரலாம்

பிறகு வீடியோ வந்தது, சிடி வந்தது, இப்போது பெட்டிக்குள்ளேயே எல்லாம் வருகிறது. படம் எந்த வழியில் வந்தாலும் அடுக்களையில் எனக்குச் சட்டம் ஒன்றுதான். யாராவது சாகும்போது காபி வரக்கூடாது. செத்துப் புதைத்து, சல்யூட் அடித்து, இவர்கள் இருவரும் தொண்டையைச் செருமி முடித்த பிறகுதான் வரலாம். முதலில் சில தடவை தட்டோடு நேராக மரணப் படுக்கைக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். இவர் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மணி அண்ணன் சுவரில் இருக்கும் தினசரி காலண்டரில் ராகு காலம் படித்துக்கொண்டிருப்பார். இருவர் கண்ணும் சிவந்திருக்கும். நான் நுழைந்ததும், திருடும்போது கையும் களவுமாகப் பிடிபட்டது போல் ஒரு முழி.

அதனால் சத்தத்தை வைத்தே கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். குண்டுச் சத்தம் நின்று வயலின் ஆரம்பித்தால் ஒருவன் சாகிறான் என்று அர்த்தம். பாலை அடுப்பில் வைக்கலாம். வயலின் போய் டிரம்பெட் வந்தால் டிக்காஷனை ஊற்றலாம். ஒருநாள் பொறுமை போய், "கட்டிப்பிடிச்சிக்கறதுக்கு ஒருத்தனுக்காவது ரத்தம் ஒழுகணுமா? சும்மா இருக்கும்போது ஒரு தடவை தோளைத் தட்டினா துப்பாக்கியைப் பிடுங்கிடுவாங்களா?" என்று கேட்டேவிட்டேன். மணி அண்ணன் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சும்மா இருக்கும்போது கட்டிப்புடிச்சா, இன்னாடா கடன் கேக்கப் போறியான்னு கேப்பான் தங்கச்சி."

மேடான இடம்

ஒரு செவ்வாய்க்கிழமை திரையில் பெரிய தாக்குதல். டாங்கிகள் வரிசையாக வருகின்றன. மணி அண்ணன் சொந்தக் கையால் மாட்டிக் கொடுத்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் ஹாலின் இரண்டு மூலையிலிருந்து முழங்குகின்றன. புது டிவியின் சத்தம் கொசு ரீங்காரம் போல இருக்கிறது என்று சொல்லி, அதைப் பிரித்து ஏதேதோ செய்து, எல்லாச் சத்தமும் அந்தப் பெட்டிகள் வழியாகவே வரும்படி வைத்திருந்தார். அந்த முழக்கத்தில் மிரண்டோ என்னவோ, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு எலி ஓடி வந்தது. பெருச்சாளி அல்ல. சாதாரண எலி.

வீல் என்ற சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன். கத்தியது திரையில் இருந்த யாரும் இல்லை. பாஸ்கரும் மணி அண்ணனும் சோபாமேல் ஏறி, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, ஒருவர் தோளை ஒருவர் இறுக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் இவர்கள் கட்டிப்பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். துடைப்பத்தை எடுத்து, எலியைத் தோட்டத்துப் பக்கம் துரத்திவிட்டு வந்து, "வீரர்களே, இறங்கலாம்," என்றேன். மணி அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னார்: "பின்வாங்கலம்மா. மேடான எடமா பாத்து நிலை எடுத்துக்கினு இருந்தோம்."

என்ன பேசினீர்கள்?

படம் முடிந்து மணி அண்ணன் கிளம்பியதும் நான் இவரிடம் கேட்பேன். "சரளா பொண்ணுக்கு வரன் வந்ததாமே, என்ன ஆச்சு?" சரளா, மணி அண்ணன் மனைவி.

"தெரியலையே."

"அண்ணனுக்கு சுகர் டெஸ்ட் எடுத்தாங்களாமே?"

"எடுத்தாங்களா?"

மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்த மனுஷர் இவர். நானும் சரளாவும் போனில், குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள், வரனின் சம்பளம், மாமியார் குணம், அண்ணன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது வரை பேசி முடித்துவிடுவோம். "பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து என்னதான் பேசறீங்க ரெண்டு பேரும்?" என்று ஒருநாள் கத்தினேன். இவருக்குக் கேள்வியே புரியவில்லை. "இன்னாம்மா இப்டி கேக்கற? அதான் படம் பாத்தோமே."

காபி குடிக்காமல் போனவர்

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. புழுக்கம் தாங்கவில்லை. படத்தில் ஒரு பனிமலை. இரண்டு சிப்பாய்கள் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பாதியில் ஒருவன் பெண்டாட்டி போட்டோவைக் காட்டியிருந்தான். அப்போதே எனக்குத் தெரியும், இவன் தேறமாட்டான். போட்டோ காட்டியவன் எந்தப் படத்தில் வீடு திரும்பியிருக்கிறான்? வயலின் ஆரம்பித்தது. பாலை வைத்தேன். டிரம்பெட் வந்தது. தட்டோடு ஹாலுக்கு வந்தால், மணி அண்ணன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் ஈரம், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இவர் வழக்கம் போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காபி?"

"வேணாம்மா, வரேன்." வண்டியை எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

இத்தனை வருஷத்தில் என் காபியைக் குடிக்காமல் அவர் போனதே இல்லை. கொஞ்ச நேரத்தில் சரளா போன் வந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். மாரடைப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் சரளா அழுதுகொண்டே சொன்னாள்: "படத்துல பாதியிலயே நெஞ்சப் புடிச்சிக்கிச்சாம்க்கா. பாஸ்கர் அண்ணன் பக்கத்துலயே இருந்தாரு, ஆனா திரும்பவே இல்லன்னு இவரு சொல்றாரு."

வண்டி நிறுத்த இடம்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பார்க்க விடுகிறார்கள் என்றதும் சென்னைக்குக் கிளம்பினோம். அந்த ஊரில் வண்டி ஓட்ட இவருக்குப் பயம், ஆனாலும் கடை முதலாளியின் காரை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் கண் ரோட்டை விட்டு நகரவில்லை. பூந்தமல்லி வரும்வரை நானும் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் என் பொறுமைக்கு நீளம் இல்லை. "அங்கே போயாவது ரெண்டு வார்த்தை பேசுங்க. மின்விசிறியைப் பார்க்காதீங்க," என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலையும் சாத்துக்குடிப் பையையும் என் கையில் திணித்து, "நீ மேல போ. வண்டிய ஓரமா போட்டுட்டு வரேன்," என்றார்.

நான் மேலே போனேன். அண்ணன் பாதியாகக் கரைந்து கிடந்தார். மீசை மட்டும் பழைய அளவில் இருந்தது. இவர் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார் என்று சொல்லி, ஆபரேஷனில் தொடங்கி சரளாவின் தூக்கம் வரை எல்லாம் பேசிவிட்டேன். அவர் கண் என்னவோ கதவையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று நர்ஸ் வந்து சொன்னாள். படத்தில் குண்டு மழைக்கு நடுவில் ஓடிப்போய் நண்பனைத் தூக்கி வருகிறவர்களுக்காகக் கண்ணீர் விட்ட மனுஷருக்கு, ஒரு மாடிப்படி ஏற முடியவில்லை. நான் எழுந்தபோது மணி அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "சென்னையில வண்டி நிறுத்த எடமே இல்லியாம்மா?"

சத்தமில்லாத யுத்தம்

அண்ணன் வீட்டுக்குத் திரும்பினார். கடையைத் திறந்தார். செவ்வாய்க்கிழமைகள் வந்தன, போயின, அவர் வரவில்லை. இவரும் போகவில்லை. ஒரே தெருவில் வேலை செய்துகொண்டு, இவர் டீ குடிக்க அடுத்த தெருவைச் சுற்றிப் போகிறார் என்று சரளா சொன்னாள். எனக்குக் கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஹெலிகாப்டர் இல்லாமல் என் வீடு எனக்கே பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று டம்ளரைக் கழுவி வைப்பேன். பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைப்பேன்.

அந்தச் சமயத்தில் டிவியில் சத்தமும் போயிற்று. படம் வருகிறது, சத்தம் இல்லை. "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன் இருக்கானே, கூப்பிடட்டுமா?" என்றால் எரிந்து விழுந்தார். "அவன் கைவெச்ச செட்டு. வேற எவனும் தொடக்கூடாது." சரி, அவரையே கூப்பிடுங்கள் என்றால் ரிமோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார். செவ்வாய் தவறாமல் உட்கார்ந்து ஊமைப் படமாகவே பார்த்தார். டாங்கி ஊமையாக உருண்டது, குண்டு ஊமையாக வெடித்தது. வயலினும் இல்லை, டிரம்பெட்டும் இல்லை, காபி எப்போது கொண்டுபோவது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் குத்துமதிப்பாகத் தட்டோடு போனேன். திரையில் எவனோ எவன் மடியிலோ செத்துக்கொண்டிருந்தான். இவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை. சோபாவில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை வாங்கவில்லை. நான் கேட்காமலே பேசினார். "மூச்சு வாங்கற சத்தம் என் காதுல வுழுந்துச்சிம்மா. அழுறான்னு நெனச்சேன். அதான் திரும்பல."

எலி

அடுத்த நிமிஷம் அடுக்களைக்குப் போய் மணி அண்ணனுக்குப் போன் போட்டேன். சமாதானம் பேசினால் இந்த ஜாதி மனுஷர்கள் ஓடிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் ரிப்பேர் மட்டும் பேசினேன்.

"அண்ணே, டிவியில சத்தம் வரல."

"எப்பலேர்ந்து?"

"நீங்க வராததுலேர்ந்து."

"வேற ஆள கூப்புட்டு பாக்கலியா?"

"தொடவே விட மாட்டேங்கறாரு. அவன் கைவெச்ச செட்டுங்கறாரு."

"செவ்வாக்கெழம வரேன்மா. அவன்கிட்ட ரிப்பேருக்குன்னு சொல்லு."

வந்தார். சரளா வண்டி ஓட்ட விடவில்லை, ஷேர் ஆட்டோவில் வந்தார். தோளில் கருவிப் பை. இவர் கேட்டைத் திறந்தார். இப்போதாவது கட்டிக்கொள்வார்கள் என்று நான் கழுத்தை நீட்டிப் பார்க்கிறேன். இவர் அந்தப் பையைப் பிடித்து இழுத்து, "குடுடா, வெயிட்டு தூக்கக் கூடாதுல்ல," என்றார். அவர், "எனக்குத் தெரியும், போடா," என்றார். பையின் காதை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்தபடி உள்ளே கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான் சமாதானப் பேச்சு.

மணி அண்ணன் மெதுவாக ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்தார். டார்ச் பிடித்தது நான். இவருக்குத் திடீரென்று செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஸ்பீக்கர் வயர்கள் அறுந்தே போகவில்லை. திருகாணியை நிதானமாகக் கழற்றி, வயர்களை வெளியே இழுத்து, முனைகளை ஒன்றாக மடித்து, ரோஸ் நூலால் கட்டி வைத்திருந்தது. அந்த முடிச்சு எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணப் புடவைப் பெட்டிக்கு எங்கள் வீட்டுக்காரர் போடுகிற இரட்டை முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் முழுசும் அவிழும். மணி அண்ணனுக்கும் தெரியும், எத்தனை தீபாவளிக்கு அந்த முடிச்சு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவர் நுனியை இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தோட்டத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "எலி கடிச்சிருக்குதும்மா!"

மரியாதை மாறியது

சத்தம் வந்தது. வீட்டில் ஹெலிகாப்டர் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இருவரும் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் அடுக்களையில் இரண்டு காபிக்குச் சர்க்கரை, அண்ணன் காபிக்கு மட்டும் கிடையாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு காதைத் தீட்டினேன். குண்டு நின்றது. வயலின். பாலை வைத்தேன். டிரம்பெட். ஊற்றிக்கொண்டு போனேன்.

திரையில் கொடி போர்த்திய பெட்டி போய்க்கொண்டிருந்தது. மணி அண்ணன் காலண்டர் பக்கம் திரும்பியிருந்தார், பழைய வழக்கப்படி. ஆனால் எங்கள் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்க்கவில்லை. உடம்பு மொத்தமும் திருப்பி, இமை கொட்டாமல், நண்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவில்லை, மறைக்கவில்லை. அப்படி ஒரு பார்வையை எந்த சிஸ்டரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். மணி அண்ணன் எவ்வளவு நேரம்தான் ராகு காலத்தையே படிப்பார்? காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "டேய், நான் சாவலடா. படத்தப் பாரு."

ஆக, தோழிகளே, ஆண்களின் நட்பில் என் சர்வீஸ் அனுபவம் இவ்வளவுதான்: ஒருவன் சாகக் கிடந்து எழுந்தாலொழிய இன்னொருவன் திரும்பிப் பார்க்க மாட்டான், ஒருமுறை பார்க்க ஆரம்பித்துவிட்டாலோ எந்த வாத்தியம் வாசித்தாலும் காபி ஆறித்தான் போகும்.